‘கேள்’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் நாலு: சொற்குழப்பம், மரபுத்தொடர் பற்றிய இழை

அலைவாய்க்கரை:

வணக்கம். திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி, படகு, ஓட்டோ என்டு வேலைக்குச் சேருற பிள்ளைகளுக்கு நாலு பக்கத்தில ஒரு ஆங்கிலப் பயிற்சித்தாள் தயாரிக்கிறம். எல்லாரும் சாதாரண தரப் பரீட்சையில ஆங்கிலம் சித்தியடைஞ்சவங்கதான். எழுதக் குடுத்தா எழுதுவாங்க. வெளிநாட்டு ஆக்களோட கதைக்கக்குள்ளதான் சொல் மாறிப் போகுது.

இதுவரைக்கும் சேர்த்த சோடிகள்: பொரோ–லெண்ட், ஹியர்–லிசன், ரிமெம்பர்–ரிமைண்ட், பை–அன்டில், சின்ஸ்–ஃபோர், ஃபீ–ஃபெயார், லூஸ் ரெண்டும், அட்வைஸ் ரெண்டும். பின்பக்கத்தில ஒரு இருபது மரபுத்தொடர். இதை அகரவரிசையில அடுக்கினாச் சரியா, இல்லாட்டி வேற முறை இருக்கா? படகு வேலைக்கு முக்கியமானது ஏதும் விடுபட்டிருந்தாலும் சொல்லுங்க.

உவர்மலை:

அகரவரிசை வேண்டாம். அது அகராதி பார்ப்பவருக்கு உதவும். பேசும்போது தடுமாறுபவருக்கு உதவாது. ‘ஹியர்’, ‘லிசன்’ இரண்டும் ஆங்கிலேயருக்கு ஒன்றுபோலத் தோன்றுவதில்லை. நமக்குத்தான் குழம்புகிறது. காரணம், நம்மிடம் ‘கேள்’ என்ற ஒரே சொல் அந்த வேலை எல்லாவற்றையும் செய்கிறது. ஆகவே தாளைத் தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். மேலே ‘கேள்’ என்று போட்டு, அது ஆங்கிலத்தில் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்று கீழே காட்டுங்கள்.

‘கேள்’ நாலாகப் பிரியும். பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டது, வழி கேட்டேன், தண்ணீர் கேட்டேன். முதலாவது ‘லிசன் டு’, இரண்டாவது ‘ஹியர்’, மூன்றாவது ‘ஆஸ்க்’, நாலாவது ‘ஆஸ்க் ஃபோர்’. பிள்ளைக்கு ஆங்கில வரைவிலக்கணம் கொடுக்க வேண்டியதில்லை. ‘கேள்’ என்பதை எடுத்துவிட்டு வேறு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘காதில் விழுந்தது’ பொருந்தினால் ஹியர். ‘காது கொடுத்தேன்’ பொருந்தினால் லிசன் டு. ‘விசாரித்தேன்’ பொருந்தினால் ஆஸ்க். ‘தரச் சொன்னேன்’ பொருந்தினால் ஆஸ்க் ஃபோர். இந்தச் சோதனைக்கு இரண்டு விநாடி போதும், வாய்க்குள்ளேயே செய்யலாம்.

இதில் அதிகம் தவறுவது கடைசி இரண்டும். ‘ஆஸ்க் த மேனேஜர்’ என்றால் மனேஜரிடம் விசாரி. ‘ஆஸ்க் ஃபோர் த மேனேஜர்’ என்றால் மனேஜரை வரச் சொல். வரவேற்பு மேசையில் ஒரு ‘ஃபோர்’ விடுபட்டால் வேலையே மாறிவிடும். அதேபோல ‘அவரிடம் கேட்டேன்’ என்பதில் உள்ள ‘இடம்’ என்ற உருபை அப்படியே தூக்கி ‘ஐ ஆஸ்க்ட் ஃப்ரொம் ஹிம்’ என்று சொல்வது நம் நாட்டில் எங்கும் உள்ள பழக்கம். ஆஸ்க் என்ற சொல்லுக்குப் பின் ஆளை நேரே போட வேண்டும்: ‘ஐ ஆஸ்க்ட் ஹிம்’. பொருளும் வேண்டுமென்றால் ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் ஃபோர் த கீ’. ஆள் முதலில், ஃபோர் பிறகு, பொருள் கடைசியில்.

‘பார்’ என்பதும் இதே குடும்பம்தான். கண்ணில் பட்டால் ‘சீ’. கண்ணைத் திருப்பினால் ‘லுக் அட்’. அசைகிற ஒன்றைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் ‘வொச்’. அதனால்தான் திமிங்கிலம் பார்க்கப் போவது ‘வேல் வொச்சிங்’. படகில் இருப்பவர் திமிங்கிலத்தை வொச் பண்ணப் போகிறார். அது தலைகாட்டினால்தான் சீ பண்ணுவார். ‘பிள்ளையைப் பார்த்துக்கொள்’ என்பது இந்த மூன்றும் இல்லை, ‘லுக் ஆஃப்டர்’. ‘டொக்டரைப் பார்’ என்பது ‘சீ’.

சீனக்குடாச் சந்தி:

உவர்மலை ஐயா சொன்ன முறைதான் சரி. அதையே பிடிச்சுக்கொண்டு மற்றச் சோடிகளையும் சொல்லுறன்.

‘கடன்’: தமிழில ‘கடன்’ நடுவில அப்பிடியே நிக்கும், ‘வாங்கு’, ‘குடு’ என்டு வால்தான் மாறும். ஆங்கிலத்தில தலையே மாறுது. பொருள் என்ர கைக்கு வந்தா நான் பொரோ பண்ணுறன். என்ர கையை விட்டுப் போனா நான் லெண்ட் பண்ணுறன். ‘கேன் யூ பொரோ மீ யுவர் பென்?’ என்டு கேட்கிறது பிழை. ‘கேன் ஐ பொரோ யுவர் பென்?’ என்டு ‘ஐ’யோட தொடங்கினா ஒருநாளும் பிழை வராது. ‘யூ’வோட தொடங்கினா ‘லெண்ட்’. பிள்ளைகளுக்கு இந்த ‘ஐ–பொரோ, யூ–லெண்ட்’ மட்டும் போதும். இலக்கணம் பிறகு வரட்டும்.

‘ஞாபகம்’: தன்ர தலைக்குள்ள இருக்கிறது ரிமெம்பர். மற்றவன் கிளறி எடுக்கிறது ரிமைண்ட். ‘ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமோரோ’ என்டு சொன்னா ‘நாளைக்கு என்னை மறந்திடாதை’ என்டு பிரியாவிடை மாதிரி இருக்கும். சொல்ல வேண்டியது ‘ப்ளீஸ் ரிமைண்ட் மீ டுமோரோ’.

‘மறந்து’: பஸ்ஸில பையை மறந்து போட்டு வந்தா, இடத்தையும் சொல்லுற வசனத்தில ‘ஃபர்கெட்’ போடாம ‘லீவ்’ போடுங்க. ‘ஐ லெஃப்ட் மை பேக் ஒன் த பஸ்’. ‘ஐ ஃபர்கொட் மை பேக்’ என்டு இடம் சொல்லாம நிப்பாட்டினா அது சரி. இன்னொன்டு, பஸ், ரெயில், கப்பலுக்கு ‘ஒன்’. கார், ஓட்டோவுக்கு ‘இன்’. உள்ளுக்குள்ள எழும்பி நடக்க ஏலும் என்டா ஒன், குந்தி இருக்கத்தான் ஏலும் என்டா இன். இறங்குறதும் அதே மாதிரி: பஸ்ஸுக்கு ‘கெட் ஒஃப்’, ஓட்டோவுக்கு ‘கெட் அவுட் ஒஃப்’.

‘வாடகை’: சைக்கிளை நீங்களே எடுத்துக்கொண்டு ஓடினாலும், படகோட்டியோட சேர்த்துப் படகு பிடிச்சாலும் எங்களுக்கு வாடகைதான். பிரித்தானியர் கொஞ்ச நேரத்துக்கு எடுக்கிறதை ‘ஹயர்’ என்பாங்க, வீட்டுக்கு மாசாமாசம் குடுக்கிறதை ‘ரென்ட்’ என்பாங்க. அமெரிக்கர் சைக்கிள், கார் எல்லாத்துக்கும் ரென்ட்தான். பலகையில ‘பைக்ஸ் ஃபோர் ரென்ட்’ என்டு போட்டாலும் ‘பைக்ஸ் ஃபோர் ஹயர்’ என்டு போட்டாலும் ரெண்டு பேருக்கும் விளங்கும். அதில நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

செலவழிக்க வேண்டிய இடம் ‘காசு எவ்வளவு’ என்டுற இடம். பஸ்ஸுக்கு ‘ஃபெயார்’. புறாத்தீவு தேசிய பூங்காவுக்கு உள்ள போக ‘என்ட்ரன்ஸ் ஃபீ’. படகுக்கு ‘போட் சார்ஜ்’. கடைச் சாமானுக்கு ‘ப்ரைஸ்’. புறாத்தீவுக்குப் போறவருக்கு நுழைவுச்சீட்டு வேற, படகுக் காசு வேற. ரெண்டையும் ‘ப்ரைஸ்’ என்டு ஒரே சொல்லில சொன்னா, எல்லாம் அதுக்குள்ள அடக்கம் என்டுதான் அவர் நினைப்பார். பிறகு கரையில வாக்குவாதம். ‘த போட் சார்ஜ் இஸ் செபரேட்’ என்டு ஒரு வசனம் பாடமாக்கி வச்சிருந்தாப் போதும்.

ஏழூற்று:

படகு வேலைக்கு விடுபட்டது எது என்டு கேட்டீங்க. நேரம். பை–அன்டில் பட்டியலில இருக்கு, ஆனா ஒரு வரியில முடிக்கிற விஷயம் இல்ல அது.

ஒரு குறுஞ்செய்தியை எடுத்துப் பாருங்க. படகோட்டி சொல்ல நினைக்கிறது: ‘காலமை ஆறு மணிக்குள்ள துறைக்கு வாங்க, ஆறேகால் மட்டும் நிப்பம், பத்து நிமிசத்தில தீவுக்குப் போயிடலாம்.’ அனுப்புறது இப்பிடி: ‘கம் டு ஜெட்டி அன்டில் சிக்ஸ். வி வெய்ட் பை சிக்ஸ் ஃபிஃப்டீன். ஆஃப்டர் டென் மினிட்ஸ் ஐலண்ட்.’

முதல் வசனத்தை வாசிக்கிறவருக்கு, ஆறு மணி வரைக்கும் வந்துகொண்டே இருக்கலாம் போலத் தெரியும். ரெண்டாவதில ‘ஆறேகாலுக்கு முதல் எப்பவோ காத்திருப்பம்’ என்டு மங்கலா ஒரு கருத்து. மூண்டாவதில பத்து நிமிசம் கழிச்சுத்தான் ஏதோ தொடங்கப் போகுது. மூண்டு வசனத்திலயும் சொல் எல்லாம் ஆங்கிலம், நேரம் ஒன்டும் போய்ச் சேரல்ல.

திருத்தினா: ‘ப்ளீஸ் கம் டு த ஜெட்டி பை சிக்ஸ். வி வில் வெய்ட் அன்டில் சிக்ஸ் ஃபிஃப்டீன். வி வில் ரீச் த ஐலண்ட் இன் டென் மினிட்ஸ்.’

எங்கட தமிழே இதுக்கு வழி காட்டும். ‘ஆறு மணிக்குள்ள’ என்டா பை. ‘ஆறு மணி மட்டும்’, ‘ஆறு மணி வரைக்கும்’ என்டா அன்டில். ‘பத்து நிமிசத்தில’ என்டா இன். ஒரே ஒரு பொறி இருக்கு: ‘க்குள்ள’ என்டது மணியோட வந்தாத்தான் பை. நீளத்தோட வந்தா, அதாவது ‘ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள’ என்டா, ‘விதின் டூ அவர்ஸ்’.

சின்ஸ்–ஃபோரும் அதே மாதிரி. ‘மூண்டு வருசமா’ என்டு ஆவோட முடிஞ்சா ஃபோர். ‘2019இலிருந்து’ என்டு இருந்தோட முடிஞ்சா சின்ஸ். ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்டு சொல்லுற பிள்ளைகிட்ட, ‘மூண்டு வருசத்திலிருந்து என்டு தமிழில சொல்லுவியா?’ என்டு கேளுங்க, தானே திருத்திக்கொள்ளும். ஆனா வினையையும் மாத்தோணும்: ‘ஐ ஆம் வேர்க்கிங்’ இல்ல, ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்’.

அடுத்தது அரை மணிக் கணக்கு. பிரித்தானியர் ‘ஹாஃப் பாஸ்ட் செவன்’ என்டதில ‘பாஸ்ட்’டை விழுங்கி ‘ஹாஃப் செவன்’ என்பாங்க. அது எங்கட ஏழரை. ஆனா ஜேர்மன் மொழியில ‘ஏழில் பாதி’ என்டா 6.30. டச்சு மொழியிலயும் அப்பிடித்தான். ஜேர்மன்காரர் ஆங்கிலத்தில கதைக்கக்குள்ளயும் அந்தக் கணக்கு வாயில வந்திடும். ‘ஹாஃப் செவன்’ என்டு அவர் சொல்லி 6.30க்கு வந்து நிப்பார், படகு 7.30க்கு வரும். ஆகவே ‘ஹாஃப்’ என்ட சொல்லையே விட்டிடுங்க. ‘சிக்ஸ் தேர்ட்டி’, ‘செவன் தேர்ட்டி’ என்டு இலக்கத்தில சொல்லி, குறுஞ்செய்தியிலயும் இலக்கத்தில எழுதுங்க.

‘நெக்ஸ்ட் சன்டே’யும் வேண்டாம். வாற ஞாயிறா அதுக்கடுத்த ஞாயிறா என்டு ஆங்கிலம் தாய்மொழியா உள்ளவங்களுக்குள்ளயே ஒத்துவாறதில்ல. திகதியைச் சொல்லுங்க. ‘யெஸ்டர்டே நைட்’, ‘டுடே மோர்னிங்’ ரெண்டும் எங்கட ‘நேற்று ராத்திரி’, ‘இண்டைக்குக் காலமை’யின்ர நேர் பெயர்ப்பு. ‘லாஸ்ட் நைட்’, ‘திஸ் மோர்னிங்’ என்டு மாத்துங்க. இதால ஆரும் வழி தவறப் போறதில்ல, ஆனா திருத்துறதும் சுலபம்.

மான்கூட்டம்:

ஏழூற்று சொன்ன நேரக் கணக்குக்கு அடுத்தபடியா ‘யெஸ்–நோ’வைச் சேருங்க. இது சொற்சோடியாத் தெரியாது, ஆனா விடுதியில தினமும் நடக்கிற குழப்பம்.

விருந்தாளி கேட்பார்: ‘யூ டோன்ட் ஹேவ் எனி ரூம்ஸ்?’ தமிழ் மனசு அந்தக் கூற்றை ஒத்துக்கொண்டு ‘ஓம், இல்ல’ என்டு சொல்லும். வாயில வாறது ‘யெஸ்’. ஆங்கிலத்தில யெஸ், நோ ரெண்டும் கேட்டவரை ஒத்துக்கொள்ளுறதுக்கு இல்ல. வரப்போற வினை உண்டா இல்லையா என்டதுக்கு. அறை இல்ல என்டா ‘நோ, வி டோன்ட்’. இருக்கு என்டா ‘யெஸ், வி டூ’. ‘யெஸ்’ஸுக்குப் பின்னால ஒருநாளும் ‘நொட்’ வராது என்டு பழக்குங்க.

இதிலயே கூர்மையான இடம் ‘டு யூ மைண்ட்’. ‘டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?’ என்டு ஒருத்தர் கேட்டா, எங்கட பிள்ளை பணிவாச் சிரிச்சுக்கொண்டு ‘யெஸ், யெஸ்’ என்டு சொல்லும். அவர் கேட்டது ‘இங்க இருந்தா உங்களுக்கு ஏதும் ஆட்சேபனையா?’ ‘ஓம் ஓம், ஆட்சேபனைதான்’ என்டு பதில் போயிருக்கு. ‘நொட் அட் ஓல்’ என்டு சொல்லோணும். இல்லாட்டி ‘ப்ளீஸ்’ என்டு கையைக் காட்டினாலே போதும்.

மறுபக்கமும் இருக்கு. சோறு இன்னும் போடவா என்டு கேட்டா ‘ஐ ஆம் குட்’, ‘ஐ ஆம் ஃபைன்’ என்பாங்க. சுகம் சொல்லல்ல, ‘போதும்’ என்டு சொல்லுறாங்க. ‘நொட் பேட்’ என்டா பிரித்தானியர் வாயில அனேகமா ‘நல்லாயிருக்கு’. ஆனா ‘டூ’ என்ட சொல்லைக் கவனிச்சுக் கேளுங்க. ‘வெரி ஸ்பைசி’ என்டா நல்ல உறைப்பு, விரும்பிச் சாப்பிடுறாரா இருக்கலாம். ‘டூ ஸ்பைசி’ என்டா உறைப்புக் கூடிப் போச்சு, தட்டு மாத்தோணும். நாங்க ‘த ஃபுட் இஸ் டூ குட்’ என்டு பாராட்டாச் சொல்லுறதால இந்த வித்தியாசம் காதில ஏறுறதில்ல. கன்னியா வெந்நீர் ஊற்றில ஏழு கிணற்றுக்கும் சூடு வேற வேற. ‘வெரி ஹொட்’ என்டு சொன்ன கிணற்றில குளிக்கலாம், ‘டூ ஹொட்’ என்டதில அவர் கை வைக்க மாட்டார் என்டு காட்டினாப் பிள்ளைகளுக்கு விளங்கும்.

அலைவாய்க்கரை:

நல்லது. அகரவரிசையை விட்டிட்டம், தமிழ்த் தலைச்சொல் முறைக்கு மாத்துறம். லூஸ், அட்வைஸ் ரெண்டையும் என்ன செய்யிறது? அதுக்குத் தமிழில் ஒரு தலைச்சொல் வரல்லையே.

உவர்மலை:

வராது, அது வேறு வகைக் குழப்பம். அங்கே மயங்குவது பொருள் இல்லை, ஒலி. தமிழில் ‘ஸ்’ என்று எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகள் ஒன்றாகிவிடுகின்றன. தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். பாம்பு சீறுவது போன்ற ஒலிக்குத் தொண்டை அதிராது. தேனீ ரீங்காரமிடுவது போன்ற ஒலிக்கு அதிரும். ‘அறிவுரை’ என்ற பெயர்ச்சொல் பாம்பு, ‘அறிவுரை கூறு’ என்ற வினைச்சொல் தேனீ. ‘தளர்ந்த’ என்பது பாம்பு, ‘தொலை’ என்பது தேனீ. ‘விலை’ பாம்பு, ‘பரிசு’ தேனீ. ‘பனிக்கட்டி’ பாம்பு, ‘கண்கள்’ தேனீ. தேனீ ஒலிக்கு முன்னால் உள்ள உயிரைச் சற்று நீட்டினால் கேட்பவர் சரியாகவே பிடித்துக்கொள்வார். இறுதி ஒலி முழுமையாக வராவிட்டாலும் அந்த நீட்டம் காப்பாற்றும். எழுத்தில், ‘தொலை’ என்ற சொல் தன் இரண்டு ஓக்களில் ஒன்றைத் தொலைத்துவிட்டது என்று நினைவில் வைக்கலாம்.

அட்வைஸ் பற்றி இன்னொன்று. பெயராக வரும்போது அதற்குப் பன்மை கிடையாது. ‘ஆன் அட்வைஸ்’ என்றும் சொல்ல முடியாது. ‘சம் அட்வைஸ்’ என்க வேண்டும். ‘லக்கேஜ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘இன்ஃபர்மேஷன்’, ‘எக்விப்மென்ட்’ எல்லாம் அப்படியே. பெட்டி எத்தனை என்று கேட்க வேண்டுமானால் ‘ஹௌ மெனி பேக்ஸ்?’, ‘ஹௌ மெனி லக்கேஜஸ்?’ அல்ல.

ஒலி என்ற பேச்சு வந்ததால், இலங்கை முழுவதற்கும் பொதுவான ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் ‘போட்’ என்று எழுதினால் அது படகா, ‘வாங்கினேன்’ என்பதன் ஆங்கிலமா என்று தெரியாது. வாயிலும் நமக்கு இரண்டும் ஒன்றாகவே வருகிறது. மண்டபமும் துளையும் ‘ஹோல்’. சட்டமும் தாழ்வும் ‘லோ’. படகுக்கு உதடு குவிந்து, முடிவில் ‘உ’ பக்கம் நகர வேண்டும்: ‘போஉட்’ என்பதுபோல. ‘வாங்கினேன்’ என்பதற்குத் தாடை கீழே இறங்கி, உதடு வட்டமாக நிற்க வேண்டும், எங்கும் நகரக்கூடாது. கண்ணாடி முன் நின்று ‘ஐ போட் அ போட்’ என்ற வசனத்தைப் பத்துத் தடவை சொல்லச் செய்யுங்கள். முதல் போட்டில் உதடு அசையாமலும் இரண்டாவதில் அசைந்தும் வந்தால் சரி.

பின்குடா:

ஒரு விஷயத்தில உடன்பாடு இல்ல. ‘ஆஸ்க்ட் ஃப்ரொம்’, ‘கோ அண்ட் கம்’ எல்லாத்தையும் பிழை என்டு தாளில எழுதினா, பிள்ளைகள் கதைக்கவே பயப்படும். அது இலங்கை ஆங்கிலம். கொழும்பில படிச்சவங்களும் அப்பிடித்தான் கதைக்கிறாங்க. சிங்களத்திலயும் அதே அமைப்பு இருக்கு.

உவர்மலை:

நீங்கள் சொல்வது நியாயம். ‘பிழை’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். இரண்டு பத்தி போடுங்கள்: ‘நமக்குள்’, ‘வெளிநாட்டவருடன்’. ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று நமக்குள் சொன்னால், ‘போய்ட்டு வாறன்’ என்ற பண்பு அதில் இருக்கிறது. ‘போறன்’ என்று வெட்டிச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் வெளிநாட்டவர் அதைக் கேட்டால் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். அவரிடம் ‘சீ யூ லேட்டர்’ அல்லது ‘பாய்’.

அந்தப் பத்தியில் சேர வேண்டியவை: இங்கே ‘ஹோட்டல்’ என்றால் சோற்றுக்கடையும் ஆகும், அவர்களுக்குத் தங்குமிடம் மட்டுமே, சாப்பிடும் இடத்துக்கு ‘ரெஸ்டோரன்ட்’. இங்கே ‘பூட்டிக்’ சின்னப் பலசரக்குக் கடை, அவர்களுக்கு நாகரிக உடுப்புக்கடை. ‘ஷோர்ட் ஈட்ஸ்’ என்றால் விளங்காது, ‘ஸ்நாக்ஸ்’. ‘ப்ளேன் டீ’ என்றாலும் சந்தேகம், ‘பிளாக் டீ’. ‘பெட்ரோல் ஷெட்’ என்றால் கொட்டகையைத் தேடுவார். ‘ஐ ஹேவ் அ டௌட்’ என்றால் உங்கள் சொல்லை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ ஹேவ் அ க்வெஸ்டியன்’.

படகுக்காரர்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: ‘கட்டமரான்’. நம் கட்டுமரத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போன சொல். நமக்கு அது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. அவர்களுக்கு இன்று அது, பக்கம் பக்கமாக இரண்டு உடல் கொண்ட படகு. பெரும்பாலும் பாய்மரத்தோடு, உல்லாசப் பயணத்துக்கு. ‘டு யூ ஹேவ் அ கட்டமரான்?’ என்று கேட்பவரிடம் ‘யெஸ்’ சொல்லி மரத்தைக் காட்டினால் இருவருக்கும் மனவருத்தம். தமிழ்ச் சொல்தானே என்று நம்பி ஏமாறக்கூடாத இடம் அது.

பின்குடா:

ரெண்டு பத்தி முறை பிடிச்சிருக்கு. அப்பிடியே போடுங்க.

சீனக்குடாச் சந்தி:

மரபுத்தொடர் பக்கத்துக்கு வருவம். இருபது போட வேண்டாம், பத்துப் போதும். அதிலயும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டோக்ஸ்’ஸை எடுத்து விடுங்க. எல்லாப் புத்தகத்திலயும் முதல் அதுதான், ஆனா பேச்சில இப்ப மிகக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில இங்க கொட்டுற மழைக்கு ‘இட்ஸ் போரிங் டவுன்’ என்டு சொன்னா இயல்பா இருக்கும்.

பதிலுக்கு, காசோடயும் சாப்பாட்டோடயும் வாறதைப் போடுங்க. ‘இட்ஸ் ஒன் மீ’ என்டா காசு நான் குடுக்கிறன். ‘இட்ஸ் ஒன் த ஹௌஸ்’ என்டா கடையே இலவசமாத் தருது. இதை மாத்திச் சொல்லிட்டுப் பிறகு பில் நீட்ட ஏலாது. ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்டா நீங்களே எடுத்துச் சாப்பிடுங்க. ‘கீப் த சேஞ்ச்’ என்டா மிச்சக் காசு உங்களுக்கு. ‘லெட்ஸ் கோ டச்’ என்டா அவரவர் பங்கை அவரவர் குடுக்கிறது. எங்கட டச்சுக் குடாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லல்ல. ‘ஐ வில் ஸ்லீப் ஒன் இட்’ என்டா நாளைக்கு யோசிச்சுச் சொல்லுறன். திரும்பத் திரும்ப விலை சொல்லி நெருக்க வேண்டாம்.

மான்கூட்டம்:

தமிழ்ப் பழமொழியோட சோடி சேர்த்தா மனசில நிக்கும். ஆனா சோடிக்குள்ள என்ன மாறுது என்டதையும் காட்டோணும், இல்லாட்டி தமிழை அப்பிடியே பெயர்த்திடுவாங்க. நாங்க ஒரே கல்லில அடிக்கிறது ரெண்டு மாங்காய், அவங்க அடிக்கிறது ரெண்டு குருவி. தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே என்டு நாங்க சொல்லுறம், அவங்களுக்கு அது குதிரை. கொல்லன் தெருவில ஊசி விக்கிறது, அவங்களுக்கு நிலக்கரி ஏற்றுமதி செஞ்ச நியூகாசில் நகரத்துக்கே கரி கொண்டு போறது. ‘டூ மேங்கோஸ் வித் வன் ஸ்டோன்’ என்டு சொன்னா அவர் ஊகிச்சு விளங்கிக்கொள்ளுவார், ஆனா அது ஆங்கில மரபுத்தொடர் இல்ல.

மரபுத்தொடரில சொல்லை மாத்தக்கூடாது. ‘பீஸ் ஒஃப் கேக்’கை ‘பீஸ் ஒஃப் பன்’ ஆக்க ஏலாது. ஒருமையைப் பன்மையாக்கவும் ஏலாது.

ஏழூற்று:

துறைமுக ஊர் என்டதால கடல்வழி வந்த தொடர் ரெண்டு மூண்டைச் சேருங்க. படகுப் பிள்ளைகளுக்குச் சுலபமாப் பிடிபடும். ‘லேர்ன் த ரோப்ஸ்’ என்டா வேலையின்ர அடிப்படையைப் பழகுறது. பாய்க்கப்பலில எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்டு தெரியாம வேலை செய்ய ஏலாது. ‘டேக்கன் அபேக்’ என்டா திடுக்கிட்டுத் திகைச்சு நிக்கிறது. காத்து பாயின்ர முன்பக்கமா அடிச்சு, பாயைப் பாய்மரத்தோட அழுத்தினா ஓடுற கப்பல் அப்பிடியே நிண்டு போகும், அதிலிருந்து வந்தது. ‘இன் த சேம் போட்’ விளக்கமே தேவையில்ல. ‘மிஸ்ட் த போட்’ என்டதை மட்டும் கவனமாப் பாவியுங்க. சந்தர்ப்பத்தை விட்டிட்டார் என்டு கருத்து. துறையில நிண்டு சொன்னா, உண்மையாவே படகு போயிட்டுது என்டு விருந்தாளி பதறுவார்.

அலைவாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒன்டு. முன்பதிவுக்கு மின்னஞ்சல் போடக்குள்ள ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ என்டு முடிக்கிறாங்க. ‘எதிர்பார்க்கிறன்’ தானே, சரியா?

உவர்மலை:

‘எதிர்பார்’ என்பதும் நம் ஒரே சொல் பலவாகப் பிரியும் இடம். நடக்கும் என்று கணக்கிட்டிருப்பது ‘எக்ஸ்பெக்ட்’; அதில் சற்று அதிகாரம் தொனிக்கும், பதில் தராவிட்டால் குறை என்பதுபோல. நடந்தால் நல்லது என்று விரும்புவது ‘ஹோப்’. மகிழ்ச்சியோடு காத்திருப்பது ‘லுக் ஃபோர்வர்ட் டு’. விருந்தாளிக்கு மூன்றாவது. அதன்பின் ‘டு’ வந்தாலும் வினை ‘இங்’ கொண்டே வர வேண்டும்: ‘வி லுக் ஃபோர்வர்ட் டு வெல்கமிங் யூ’. ‘டு வெல்கம் யூ’ என்று எழுதுவதே அதிகம் காணும் தவறு. தாளில் ‘எதிர்பார்’ என்று தலைப்பிட்டு இந்த மூன்றையும் போட்டு, மூன்றாவதற்கு மட்டும் முழு வசனத்தையும் அச்சிடுங்கள், பார்த்து எழுதட்டும்.